நூறு சதவீதத் தேர்ச்சியா, நல்ல தியேட்டரா? நர்ஸ் அனஸ்தீசியா கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி:

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கிரீன் கார்டில் அமெரிக்கா வந்து, நான்கு வருடமாக டெக்சாஸில் இதய அறுவை சிகிச்சை ஐசியூவில் வேலை பார்க்கிறேன். சிசிஆர்என் என்ற தீவிர சிகிச்சை நர்சிங் சான்றிதழும் வாங்கிவிட்டேன். நர்ஸ் அனஸ்தீசியா (அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுக்கும் நர்சுக்கான) படிப்புக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டும் 36 மாதப் படிப்பு. முதல் கல்லூரி நான் இருக்கும் ஊரிலேயே, பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையோடு சேர்ந்தது. டிஎன்பி (நர்சிங் முனைவர்) பட்டம், கட்டணம் 1,60,000 டாலர், முதல் வருடம் முழுக்க வகுப்பு, தேர்ச்சி 100 சதவீதம். இரண்டாவது பக்கத்து மாநிலத்தில், அதிகம் பெயர் அடிபடாத கல்லூரி. டிஎன்ஏபி (நர்ஸ் அனஸ்தீசியா முனைவர்) பட்டம், 1,10,000 டாலர், ஐந்தாம் மாதத்திலிருந்தே ஆபரேஷன் தியேட்டரில் பயிற்சி, தேர்ச்சி 89 சதவீதம். எனக்கு நான்கு வயதில் ஒரு மகன். கணவர் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிறார். மூன்று வாரத்துக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். "நூறு சதவீதம் இருக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது" என்கிறார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். எதில் சேரட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு இடம் கிடைப்பதே கடினமான படிப்பில் உங்களுக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. வாழ்த்துகள். மூன்று வாரம் போதுமான அவகாசம்தான். முன்பணம் கட்டிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எல்லோரும் சொல்லும் அந்த நூறு சதவீதத்தை முதலில் பிரித்துப் பார்ப்போம். நர்ஸ் அனஸ்தீசியா கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருவது சிஓஏ என்ற அங்கீகாரக் குழு. ஒவ்வொரு கல்லூரியும் மூன்று எண்களைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்பது அதன் விதி. தேசியச் சான்றிதழ்த் தேர்வில் முதல் முயற்சியில் எத்தனை பேர் தேறினார்கள், படிப்பின் நடுவே எத்தனை பேர் விலகினார்கள், முடித்த ஆறு மாதத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது. இதில் மூன்றாவது எண் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கும். ஆள் பற்றாக்குறை அப்படி. முதல் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உங்கள் கல்லூரிகளின் கணக்கு அல்ல, வெறும் உதாரணம். ஒரு கல்லூரியில் 24 பேர் சேர்கிறார்கள். முதல் வருட மருந்தியலில் 3 பேர் வெளியேற்றப்படுகிறார்கள். தேசியத் தேர்வுக்கு ஒத்திகையாகக் கடைசி வருடம் எழுதும் சுயமதிப்பீட்டுத் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுக்காததால் 2 பேர் பட்டம் பெறாமல் நிறுத்தி வைக்கப்படுகிறார்கள். மீதி 19 பேர் எழுதி, 19 பேரும் தேறுகிறார்கள். தேர்ச்சி 100 சதவீதம். ஆனால் சேர்ந்த 24 பேரில் அந்த வருடம் சான்றிதழோடு வெளியே வந்தவர்கள் 79 சதவீதம்தான். இன்னொரு கல்லூரியில் 19 பேர் சேர்கிறார்கள், ஒருவர் விலகுகிறார், 18 பேர் எழுதி 16 பேர் முதல் முயற்சியில் தேறுகிறார்கள், மற்ற இருவர் அடுத்த முயற்சியில் தேறிவிடுகிறார்கள். ஏட்டில் இது 89 சதவீதம். ஆனால் சேர்ந்தவர்களில் 95 சதவீதம் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். கடன் வாங்கிப் படிக்கப் போகும் நீங்கள் எந்தக் கல்லூரியை அதிகம் நம்பலாம்?

சிறிய வகுப்புகளில் ஒன்றிரண்டு பேர் தவறினாலே சதவீதம் பத்துப் புள்ளி சரிந்துவிடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நாடு முழுவதும் முதல் முயற்சித் தேர்ச்சி பல ஆண்டுகளாக 80 சதவீதத்துக்கு மேலேதான் நிற்கிறது. அதன்படி 89 பயப்பட வேண்டிய எண்ணே இல்லை. ஒரே வருட எண்ணை விட்டுவிட்டு மூன்று வருட எண்களை வரிசையாகக் கேளுங்கள். 97, 88, 79 என்று இறங்குமுகமாக வந்தால் அங்கே ஆசிரியர்கள் மாறியிருப்பார்கள், அல்லது மாணவர் எண்ணிக்கையைத் திடீரென்று கூட்டியிருப்பார்கள். இரு கல்லூரிக்கும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: "மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்த வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த தேதியில் முடித்தார்கள், எத்தனை பேர் தாமதமாக முடித்தார்கள், எத்தனை பேர் முடிக்கவே இல்லை?" தாமதமானவர்கள் எந்தப் பட்டியலிலும் தெளிவாகத் தெரிய மாட்டார்கள். அதனால்தான் தனியாகக் கேட்கச் சொல்கிறேன். சுயமதிப்பீட்டுத் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் வந்தால்தான் பட்டமா என்றும் கேளுங்கள். அப்படி வைத்திருப்பது தவறில்லை. ஆனால் வராவிட்டால் என்ன செய்வார்கள், எத்தனை முறை வாய்ப்பு, அந்தக் கூடுதல் மாதங்களுக்குக் கட்டணம் உண்டா என்பது உங்கள் பாக்கெட்டைத் தொடும் விஷயம்.

தேர்ச்சி விகிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, படித்து முடித்தவர்களின் கேஸ் பட்டியல், அதாவது ஒவ்வொருவரும் எத்தனை நோயாளிகளுக்கு என்னென்ன செய்தார்கள் என்ற கணக்கு.

ஒரு மாணவர் பட்டம் பெற வேண்டுமென்றால் குறைந்தது 600 கேஸ், 2,000 மணி நேர மருத்துவமனைப் பயிற்சி வேண்டும். அதற்குள் வகை வகையாகக் குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு. மூச்சுக்குழாயில் டியூப் போடுவது 250. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் ஸ்பைனல் 10, எபிடியூரல் 10, குறிப்பிட்ட நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்யும் நெர்வ் பிளாக் 10. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 10. சிசேரியன் 10. இந்தப் பட்டியல் அவ்வப்போது திருத்தப்படும், ஆகவே நீங்கள் சேரும் ஆண்டுக்கு உரியதை எடுத்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது, குறைந்தபட்சம் என்று போட்டிருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் விரும்பத்தக்க எண் என்று இன்னொன்று இருக்கும். ஸ்பைனலுக்கும் எபிடியூரலுக்கும் அது 50. பத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நல்ல கல்லூரியும் சுமாரான கல்லூரியும் பிரிகின்றன.

ஏன் என்றால், எபிடியூரல் ஊசி உள்ளே போகும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது. சிரிஞ்சின் பிஸ்டனை அழுத்திக்கொண்டே மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர வேண்டும். மஞ்சள் தசைநாரில் ஊசி நுழையும்போது ஈர ரப்பரில் குத்துவது போன்ற ஒரு பிடிப்பு. அதைத் தாண்டிய கணம் பிஸ்டன் தடையில்லாமல் உள்ளே போகும். அங்கேயே நிறுத்த வேண்டும். இன்னும் சில மில்லிமீட்டர் போனால் தண்டுவட உறை கிழியும்; அந்தத் தடித்த ஊசி போட்ட ஓட்டையில் தண்டுவட நீர் கசிந்து, பிள்ளை பெற்றவள் எழுந்து உட்கார முடியாத தலைவலியோடு நாட்களைக் கழிப்பாள். வலியில் நெளியும், முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படாத ஒரு கர்ப்பிணியிடம் இதைச் செய்யப் பத்துப் பயிற்சி போதாது. முதல் பத்தில் பாதி, ஆசிரியர் கையைப் பிடித்து வழிகாட்டியதாகத்தான் இருக்கும்.

ஆகவே இரண்டு கல்லூரியிடமும் கேளுங்கள்: போன வருடம் பட்டம் பெற்ற வகுப்பில் ஸ்பைனல், எபிடியூரல், நெர்வ் பிளாக், மத்திய சிரைக் குழாய் (இதயத்துக்கு அருகே உள்ள பெரிய சிரைக்குள் போடும் குழாய்), திறந்த இதய அறுவை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், இவை ஒவ்வொன்றிலும் சராசரி என்ன, மிகக் குறைவாகச் செய்தவரின் எண் என்ன? இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். சராசரி 60 என்று சொல்வார்கள். வகுப்பில் கால்வாசிப் பேர் 200 செய்து மற்றவர்கள் 12-ல் நின்றிருந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும். மத்திய சிரைக் குழாய் போன்ற சிலவற்றில் மாதிரி உடலில் செய்ததும் கணக்கில் ஏற வழியுண்டு. அதனால் எத்தனை நோயாளிக்கு, எத்தனை மாதிரி உடலில் என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பெயர் இல்லாமல் எண்களை மட்டும் தர எந்தக் கல்லூரிக்கும் தடை இல்லை. மாணவர்கள் தினமும் கேஸ்களைப் பதிவு செய்கிறார்கள். இயக்குநரின் கணினியில் எல்லாம் தயாராக இருக்கும். தர மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு பதில்.

இங்கேதான் உங்கள் முதல் கல்லூரியைப் பற்றிய என் முக்கியமான கேள்வி வருகிறது. பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை என்றால் பெரும்பாலும் அங்கே அனஸ்தீசியா ரெசிடென்ட் டாக்டர்களும் (அதே துறையில் பயிற்சி பெறும் டாக்டர்கள்) இருப்பார்கள். ஒரே நெர்வ் பிளாக்குக்கு, ஒரே லேபர் வார்டு எபிடியூரலுக்கு, ஒரே இதய அறுவை சிகிச்சைக்கு இரண்டு பேர் காத்திருந்தால் யாருக்குப் போகும்? பல இடங்களில் ரெசிடென்டுக்குத்தான். மாணவர் பக்கத்தில் நின்று பார்ப்பார்; பார்த்தது பட்டியலில் ஏறாது. உங்களைப் போல இதய அறுவை ஐசியூவில் இருந்து வருபவர்கள் "அந்த மருத்துவமனையில் பெரிய இதயக் கேஸ்கள் நடக்கின்றன" என்று ஆசையோடு சேர்ந்து, கடைசியில் அந்தத் தியேட்டருக்குள் விரல் விட்டு எண்ணக்கூடிய நாட்களே போனதாகச் சொல்வதுண்டு. எல்லாப் பெரிய மருத்துவமனையும் அப்படி இல்லை. ரெசிடென்ட் ஒரு தளம், நர்ஸ் மாணவர் ஒரு தளம் என்று பிரித்து நன்றாக நடத்தும் இடங்களும் உண்டு. ஆகவே ஊகிக்க வேண்டாம், கேளுங்கள்: பிளாக் அறையில் மாணவர் தனியாக எத்தனை வாரம்? லேபர் வார்டில் இரவுப் பணியில் மாணவர் இருக்கும்போது ரெசிடென்டும் இருப்பாரா?

இரண்டாவது கல்லூரியில் கேட்க வேண்டியது வேறு. சிறிய ஊர் மருத்துவமனைகள் அவர்கள் பட்டியலில் இருந்தால் அங்கே சிஆர்என்ஏக்கள் (இந்தப் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற்ற நர்ஸ் அனஸ்தெட்டிஸ்டுகள்) டாக்டர் மேற்பார்வை இல்லாமலோ, குறைந்த மேற்பார்வையிலோ வேலை செய்வார்கள். மாணவருக்கு ஸ்பைனலும் பிளாக்கும் கைநிறையக் கிடைக்கும். ஆனால் இதயம், நுரையீரல், பச்சிளங்குழந்தை கேஸ்களுக்கு எங்கே அனுப்புகிறார்கள்? 300 மைல் தள்ளி ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் ஆறு வாரம் என்றால் அந்த ஆறு வாரம் மகனைவிட்டுப் பிரிந்திருக்க வேண்டும். தங்கும் இடம் யார் செலவு? எத்தனை முறை அப்படிப் போக வேண்டும்? அந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம் எத்தனை வருடமாக இருக்கிறது, எப்போது முடிகிறது? பயிற்சி இடங்கள் திடீரென்று கைவிட்டுப் போவதுதான் சிறிய கல்லூரிகளின் பலவீனம். 20 இடங்களின் பெயரைப் பட்டியல் போட்டிருப்பார்கள். அதில் நான்கில் மட்டும்தான் இப்போது மாணவர்கள் இருப்பார்கள். "இன்றைக்கு, இந்த வாரம், எந்தெந்த இடத்தில் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

பிற்காலத்தில் எங்கே, எப்படி வேலை செய்யப் போகிறீர்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. டாக்டர் ஒருவர் நான்கு தியேட்டர் வரை வழிநடத்தும் கூட்டுமுறை மருத்துவமனையிலேயே இருந்துவிடுவேன் என்றால் இரண்டு கல்லூரியும் உங்களைத் தயார் செய்யும். 2001-ல் அயோவா தொடங்கி இதுவரை 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள், மெடிகேர் (முதியோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடு) விதியில் உள்ள டாக்டர் மேற்பார்வை நிபந்தனையிலிருந்து விலகியிருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் தனியாக இரவுப் பணி பார்க்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், ஸ்பைனல், எபிடியூரல், பிளாக் இந்த மூன்றும் படிக்கும்போதே கையில் ஏறியிருக்க வேண்டும். வேலைக்குப் போனபின் கற்றுக்கொள்ளலாம் என்பார்கள். கற்றுத்தர அங்கே ஆள் இருக்க மாட்டார்.

அடுத்து, முடிந்தால் இரண்டு இடத்திலும் ஒரு நாள் தியேட்டருக்குள் நின்று பாருங்கள். கட்டடத்தையும் சிமுலேஷன் அறையையும் சுற்றிக் காட்டுவார்கள், அது வேண்டாம். ஒரு மாணவர் நோயாளியை மயக்கும் ஐந்து நிமிடத்தைப் பார்த்தால் போதும். மருந்து போயாகிவிட்டது, மாணவரின் இடது கை மாஸ்க்கைப் பிடித்திருக்கிறது, பை பிழிந்தால் மார்பு எழவில்லை, ஆக்சிஜன் அளவு 98-லிருந்து 94-க்கு இறங்குகிறது. இப்போது ஆசிரியர் என்ன செய்கிறார்? மாணவரை ஓரமாகத் தள்ளி மாஸ்க்கைப் பிடுங்கிக்கொள்கிறாரா? "தாடையை மாஸ்க்குக்குள் தூக்கு, கீழே அழுத்தாதே, வாய்க்குள் ஏர்வே போடு, இரண்டு கையாலும் பிடி, பையை நான் பிழிகிறேன்" என்று அடங்கிய குரலில் சொல்கிறாரா? முதல் வகை இடத்தில் 600 கேஸ் முடித்தாலும் கை தானாக ஓடாது. கேஸ் முடிந்ததும் மாணவரோடு ஐந்து நிமிடம் நின்று பேசுகிறாரா, அல்லது மதிப்பீட்டுத் தாளில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறாரா என்பதையும் கவனியுங்கள். போக முடியாவிட்டால் இரண்டாம் வருட மாணவர்கள் இருவரிடமாவது பேசுங்கள். கல்லூரி பொறுக்கிக் கொடுக்கும் ஆட்களோடு நிறுத்திவிடாமல், உங்கள் ஐசியூவில் இருந்து போனவர்கள் மூலமாகவும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். "சந்தோஷமா இருக்கீங்களா" என்று கேட்காதீர்கள். அந்தப் படிப்பில் யாரும் சந்தோஷமாக இருப்பதில்லை. "தப்பு பண்ணின நாளில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

முதல் வருடம் முழுக்க வகுப்பா, சீக்கிரமே தியேட்டரா என்பதில் ஒன்று உயர்வு ஒன்று தாழ்வு இல்லை. வகுப்பு முதலில் வந்தால் படிப்பில் மட்டும் கவனம் வைக்கலாம். மகனோடு இரவு உணவுக்கு வீட்டில் இருப்பீர்கள். ஆனால் மூன்றாம் மாதம் படித்த மருந்தியலைப் பதிமூன்றாம் மாதம் தியேட்டரில் கேட்கும்போது பாதி மறந்திருக்கும். அதைத் தடுக்க அந்தக் கல்லூரி இடைக்காலத்தில் சிமுலேஷன் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். சீக்கிரமே தியேட்டர் என்றால் படித்தது அன்றே கைக்கு வரும், ஆனால் நாள் நீளும். மாலையில் அடுத்த நாள் பட்டியல் வரும். ஒவ்வொரு நோயாளிக்கும் மயக்கத் திட்டம் எழுதி, இரவு ஆசிரியரிடம் போனில் பேசி, விடியற்காலை ஐந்தரைக்குத் தியேட்டரில் இயந்திரம் சரிபார்த்து, சக்ஷன், லாரிங்கோஸ்கோப், இரண்டு அளவில் டியூப், மருந்து நிரப்பிய சிரிஞ்சுகள் எல்லாம் அடுக்கி வைத்திருக்க வேண்டும். வியாழக்கிழமை பரீட்சையும் இருக்கும். வகுப்பும் பயிற்சியும் சேர்ந்து நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 64 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று சிஓஏ விதி இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நேரம் இதற்கு மேல் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணவரோடு இதைத் தாளில் எழுதிப் பேசுங்கள்: காலை நான்கரையிலிருந்து மாலை ஐந்து வரை மகன் யார் பொறுப்பு, அவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது?

பட்டத்தின் பெயரில் அதிக நேரம் செலவிட வேண்டாம். 2022 ஜனவரி முதல் சேருபவர்கள் எல்லோரும் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர வேண்டும். டிஎன்பி, டிஎன்ஏபி இரண்டுமே அந்த விதிக்குப் பொருந்தும். தேர்வு ஒன்று, உரிமம் ஒன்று. தியேட்டரில் சம்பளமும் பட்டத்தைப் பார்த்து மாறாது. பின்னால் நர்சிங் கல்லூரியில் பேராசிரியராகப் போகும் ஆசை இருந்தால் மட்டும் டிஎன்பிக்குச் சில இடங்களில் முன்னுரிமை கிடைக்கும்.

பணம். இதில் 2026-லிருந்து பெரிய மாற்றம் வந்திருக்கிறது, பழைய மாணவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடனில் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் சமாளித்தார்கள். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அந்தக் கடன் கிடையாது. சாதாரணப் பட்டமேற்படிப்பு என்ற வகையில் வந்தால் வருடத்துக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000. தொழில்முறைப் படிப்பு என்ற வகையில் வந்தால் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000. எல்லோரும் மொத்த வரம்பைத்தான் பார்க்கிறார்கள். உங்களை முதலில் இடிக்கப்போவது வருட வரம்பு. 20,500 வகையில் மூன்று கல்வியாண்டுக்கு 61,500 டாலர்தான் கிடைக்கும். முதல் கல்லூரியில் கட்டணத்திலேயே 98,500 துண்டு விழும், இரண்டாவதில் 48,500. இது வீட்டுச் செலவு சேர்க்காத கணக்கு. உங்கள் படிப்பு எந்த வகையில் வருகிறது என்பதை இரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகமும் மின்னஞ்சலில் எழுதித் தரட்டும், வாய்வார்த்தை வேண்டாம். தனியார் வங்கிக் கடன் வாங்க நேர்ந்தால், படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறுமா, கணவர் கையெழுத்து தேவையா என்று பாருங்கள். கிரீன் கார்டு இருப்பதால் மத்திய அரசுக் கடனுக்கு நீங்கள் தகுதியானவர்தான்.

சில மருத்துவமனைகளும் அனஸ்தீசியா குழுக்களும் படிக்கும்போதே மாதம் ஒரு தொகை தந்து, முடித்ததும் இரண்டு மூன்று வருடம் தங்களிடம் வேலை செய்யச் சொல்வார்கள். இந்தத் துண்டை அடைக்க அது உதவும். ஆனால் படிப்பு நடுவில் நின்றால், தேர்வில் தவறினால், வேறு ஊர் போனால் எவ்வளவு, எத்தனை நாளில், என்ன வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்ற பத்தியை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நர்ஸ் அனஸ்தெட்டிஸ்டுகளின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2024 அரசுக் கணக்கில் 2,20,000 டாலருக்கு மேல். அந்த எண்ணைக் காட்டித்தான் அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்குவார்கள்.

பக்கத்து மாநிலம் என்பதில் இன்னும் இரண்டு சின்ன விஷயம். அந்த 1,10,000 டாலர் வெளிமாநில மாணவருக்கான கட்டணம்தானா? டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. சுற்றியுள்ள நான்கு மாநிலங்களிலும் உண்டு. குடும்பத்தோடு போனால் கணவரின் சம்பளத்தில் அது பிடிக்கப்படும். அதற்கு முன்னால் அவரது நிறுவனம் அந்த மாநிலத்திலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கிறதா என்று கேட்க வேண்டும். உங்கள் நர்சிங் உரிமம் பல மாநிலங்களில் செல்லும் கூட்டு உரிமமாக இருந்தாலும், நிரந்தரக் குடியிருப்பை மாற்றினால் 60 நாளுக்குள் புது மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

அங்கீகாரத்தைச் சிஓஏ பட்டியலில் நீங்களே சரிபாருங்கள். அதிகபட்சம் 10 வருடத்துக்குத் தருவார்கள். குறைந்த காலத்துக்குத் தந்திருந்தாலோ, நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்திருந்தாலோ காரணத்தை இயக்குநரிடம் நேராகக் கேளுங்கள். இயக்குநர் எத்தனை வருடமாக இருக்கிறார் என்பதும் முக்கியம். மூன்று வருடத்தில் மூன்று இயக்குநர் மாறிய இடத்தில் நான் என் தங்கையைச் சேர்க்க மாட்டேன். முன்பணம் கட்டும் முன் மாணவர் கையேட்டை வாங்கி, வெளியேற்றும் விதிகள் உள்ள பக்கத்தை மட்டுமாவது வரிவரியாகப் படியுங்கள். ஒரு 'சி' கிரேடு வந்தாலே வெளியேற்றமா, மீண்டும் எழுதலாமா, தியேட்டரில் ஒரே ஆசிரியர் எழுதும் மோசமான மதிப்பீடு போதுமா, முறையீடு யாரிடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். மகப்பேறு அல்லது உடல்நலக் காரணத்துக்கு விடுப்பு எடுத்தால் அடுத்த வகுப்போடு சேர்த்துக்கொள்வார்களா என்பதும் இருக்கும்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் இரண்டாவது கல்லூரிப் பக்கம் சாய்கிறேன். 50,000 டாலர் வித்தியாசம் புதிய கடன் விதியில் சாதாரண வித்தியாசம் இல்லை, 89 சதவீதம் ஒரு குறையும் இல்லை, ஐந்தாம் மாதமே நோயாளியைத் தொடுவது உங்கள் ஐசியூ அனுபவத்தை ஆறவிடாமல் பயன்படுத்தும். ஆனால் முதல் கல்லூரி போன வருட வகுப்பில் மிகக் குறைவாகச் செய்தவருக்கே 30 எபிடியூரல், 30 பிளாக் இருந்தது என்று காட்டினால், விலகியவர் எண்ணிக்கையும் ஒன்றிரண்டாக இருந்தால், நான் சொன்னதைத் தள்ளிவைத்துவிட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே சேருங்கள். கணவர், மகன், பழகிய ஊர் மூன்றும் அங்கே இருப்பதற்கு நிச்சயம் மதிப்பு உண்டு. இரண்டாவது கல்லூரி தூரப் பயிற்சி நான்கு மாதத்துக்கு மேல் என்று சொன்னாலும் அப்படியே.

முதல் வாரத்தில் மின்னஞ்சல்களை அனுப்பிவிடுங்கள். இரண்டாம் வாரம் மாணவர்களோடு பேச்சும், முடிந்தால் தியேட்டர் நாளும். மூன்றாம் வாரம் கையேடும் கணக்கும். பதில் தாமதமானால் முன்பணத் தேதியை ஒரு வாரம் தள்ளித் தரக் கேட்கலாம். கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறிக்க மாட்டார்கள். வேண்டாம் என்று முடிவான கல்லூரிக்கு அன்றே எழுதிவிடுங்கள், காத்திருப்போர் பட்டியலில் இருப்பவரும் வேலையை விட்டு, வீடு மாறி வர வேண்டியிருக்கும்.

உங்கள் வேலையை விடும் தேதியைக் குறிக்கும் முன் மருத்துவக் காப்பீட்டைப் பாருங்கள். மூவரும் உங்கள் மருத்துவமனைக் காப்பீட்டில் இருந்தால், அது முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கணவரின் அலுவலகத் திட்டத்தில் சேர்ந்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் அவரது அலுவலகத்தில் அடுத்த சேர்க்கைக் காலம் வரை காத்திருக்கச் சொல்வார்கள்.